ஐந்தாம் துருசேந்திரனின் கட்டாரி

உலகத்தில் இல்லாத ராச்சியங்கள் அத்தனைக்கும் ஆயுதம் செய்து கொடுத்த ஒரே மனிதர், கிளிநொச்சிப் பக்கத்து நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. இருக்கிற ராச்சியங்களுக்கு ஆயுதம் கொடுக்க எத்தனையோ பேர் போட்டி போடுகிறார்கள். இல்லாத ராச்சியங்களைக் கவனிக்க அவரை விட்டால் ஆளில்லை.

வரவுப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. கந்தோர்ப் பியோன் முதல் குளத்துக் கமக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கட்டாரியார். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகை எங்கள் பக்கத்தில் துருசு என்பார்கள். எந்தத் துருசை எந்த நாளில் எத்தனை அங்குலம் திறந்தார்கள் என்று எழுதிவைப்பது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை. கற்பனை அரசர்களுக்குக் கட்டாரி செய்வது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வேலை. இரண்டில் எதை அவர் கூடுதல் பொறுப்போடு செய்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள்.

முதல் நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போனேன். போகும்போதே இடமாற்ற விண்ணப்பத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டுதான் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறுப்பதிகாரி எனக்குக் காட்டிய மேசையில் கோப்பு இல்லை, பேனை இல்லை. ஒரு முழ நீளத்தில் நெளிந்து வளைந்த ஒரு கட்டாரி மட்டும் கிடந்தது. நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"பயப்பிடாதையும் பிள்ளை," என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. வெள்ளைச் சேட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனையும் ஒரு சின்ன அரமும். "அது உமக்கில்லை. ஐந்தாம் துருசேந்திரனுக்கு."

"அவர் ஆர்? புது இஞ்சினியரோ?"

"இல்லைப் பிள்ளை. அரசர்."

"எந்த நாட்டு அரசர்?"

"அது இன்னும் முடிவாகேல்லை. முதல்ல கட்டாரி முடியட்டும், நாட்டைப் பிறகு பாப்பம்."

எழுந்து வந்து கட்டாரியை எடுத்தார். பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டிப்போய் அதைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"கையில தரமாட்டன். கத்தி, உப்பு, மிளகாய் மூண்டையும் கையில குடுத்தாப் பகை வரும். வைக்கிறன், நீர் எடும்."

"உதெல்லாம் நம்புறீங்களோ அண்ணை?"

"நம்புறது நம்பாதது வேற கதை. கலியாணம் கட்டின முதல் கிழமை உம்மட அக்காவுக்குக் கையில மிளகாய் எடுத்துக் குடுத்தனான். முப்பது வருசமாப் போகுது, அந்தச் சண்டை இன்னும் முடியேல்லை."

அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவியை. அவா இந்தக் கதையில் பிறகு வருவா, சும்மா வரமாட்டா.

கட்டாரி செய்வதில் பாதி வேலை வீட்டின் பின்புறக் கோடிப்பக்கத்தில் நடக்கும். பழைய லொறியின் வில்லுத்தகட்டைக் கரிநெருப்பில் காய்ச்சி, அடித்து, அரத்தால் ராவி, முதிரைக் கட்டையில் பிடி போட்டு முடிக்க ஐந்தாறு சனி ஞாயிறு போய்விடும். அலகில் படம் பொறிக்கும் வேலைக்கு மட்டும் கந்தோருக்குக் கொண்டுவருவார், மதிய இடைவேளையில். அதற்குக் காரணம் கந்தோர் ஜீப்பின் பழைய பற்றரி. அலகு முழுக்க நகப்பூச்சைப் பூசிக் காயவிடுவார். காய்ந்த பூச்சில் ஊசியால் படம் கீறுவார். பற்றரியின் ஒரு வயரை அலகில் கொழுவி, மற்ற வயரின் நுனியில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சுற்றி, கீறின இடமெல்லாம் ஒற்றி ஒற்றி எடுப்பார். புசுபுசுவென்று நுரை வரும். பூச்சு இல்லாத இடத்தை மட்டும் உப்பும் கரண்டும் சேர்ந்து அரித்துவிடும். பிறகு பூச்சைத் துடைத்தால் படம் இரும்பிலேயே நிற்கும். நாங்கள் சோறு சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஒரு ராச்சியத்தின் இலச்சினை தயாராகிவிடும்.

இலச்சினை என்றால் எப்போதும் டிராகன்தான். தொலைபேசியில் சீன டிராகன், வெள்ளைக்காரர் டிராகன் என்று நூறு படம் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் முப்பது வருடம் குளக்கட்டில் நடந்த மனிதரின் கண்ணில் பட்டதெல்லாம் உடும்பு. கண் எதைப் பார்த்ததோ கை அதைத்தான் கீறியது.

"அண்ணை, உடும்பு வலு வடிவா வந்திருக்கு," என்றேன் ஒரு நாள்.

"அது டிராகன்."

"அப்ப ஏன் நாக்கை நீட்டிக்கொண்டு நிக்குது?"

"அது நாக்கில்லை, நெருப்பு. சிறகு கிடக்கிறது உமக்குத் தெரியேல்லையோ?"

சிறகு கிடந்தது உண்மைதான். பறக்கப் பழகும் உடும்பு.

படத்தையாவது மன்னித்துவிடலாம், எழுத்தை மன்னிக்க என்னால் முடியாது. மூன்றாம் அலைகரையான் என்ற அரசருக்குச் செய்த கட்டாரியில் 'வீரவாள்' என்று பொறிக்க நினைத்து 'வீரவால்' என்று பொறித்துவிட்டார். நகப்பூச்சைத் துடைத்துவிட்டுப் பெருமையோடு என் மேசையில் வைத்தபோது நான் சாப்பிட்ட சோறு புரையேறியது. கடதாசியில் என்றால் வெட்டி எழுதலாம், இரும்பை என்ன செய்வது? அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பிழையில்லைப் பிள்ளை," என்றார் கடைசியில். "வாலைப் பாரும், என்ன மாதிரிக் கிடக்கு! வீரவால்தான்."

அதோடு எழுத்து விசயம் முழுக்க என் கைக்கு வந்தது. என்ன பொறிக்கிறதென்றாலும் முதலில் ஒரு துண்டில் எழுதி என் மேசையில் வைப்பார். நான் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுப்பேன். இப்படித்தான் இல்லாத ராச்சியங்களின் அரசவைப் புலவராக எனக்குப் பதவி கிடைத்தது. "எங்கட கந்தோரில கூர் இருக்கிறது உம்மட வாய்க்கு மட்டும்தான்," என்று ஒரு நாள் சொன்னார். அதன் முழு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்கா வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு கட்டாரிக்கு ஒன்றரைப் போத்தல் கியூட்டெக்ஸ் வேண்டும். நகப்பூச்சு எந்தக் கொம்பனியுடையது என்றாலும் எங்கள் ஆட்களுக்கு அது கியூட்டெக்ஸ்தான். கட்டாரியார் நகரத்து அலங்காரப் பொருட்கடைக்குப் போய்த் தானே வாங்குவார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், நெற்றியில் திருநீறு, ஆறு போத்தல் சிவப்புக் கியூட்டெக்ஸ். கடைக்கார அன்ரி யாருக்கு என்று கேட்டதற்கு, "கந்தோரில தேவைப்படுது," என்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லாத பதில். அந்தப் பதில் பரந்தன் சந்தியைச் சுற்றிக்கொண்டு இரண்டே நாளில் அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு அவா கந்தோர் வாசலில் நின்றா. அவருக்குக் காலையிலேயே சாப்பாடு கட்டிக் கொடுத்தாயிற்று. அவா அவரைப் பார்க்கவில்லை, நேரே என் கையைப் பார்த்தா. என் கெட்ட காலம், அன்றைக்கென்று நான் நகத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தேன்.

"பிள்ளைக்கு நல்ல வடிவான கலர்," என்றா. பியோன் தேத்தண்ணித் தட்டோடு சத்தம் போடாமல் பின்னால் போய்விட்டான்.

"ஐயோ அக்கா, இது நானே காசு குடுத்து வாங்கினது!"

கட்டாரியார் அவசரமாக லாச்சியைத் திறந்து, பாதி பூசிய அலகைத் தூக்கிக் காட்டினார். "இஞ்சாரப்பா, இதுக்குத்தான் பூசினனான்."

அக்கா அலகைப் பார்த்தா. சிவப்பு மினுங்கியது. பிறகு கணவரைப் பார்த்தா. "பொம்பிளை ஒருத்திக்கு வாங்கிக் குடுத்தாலும் ஊரில சொல்லலாம். கத்திக்குக் கியூட்டெக்ஸ் பூசிற மனுசனை வைச்சுக்கொண்டு நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்றவ, சாப்பாட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்தா. "நீ சாப்பிடு பிள்ளை. நண்டுக் குழம்பு." அன்றிலிருந்து அவாவும் நானும் நல்ல ஒற்றுமை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் கட்டாரியார் என்னிடம் ஒரு விசயம் சொன்னார். இருபத்துமூன்று கட்டாரி செய்தும் ஒன்றைக்கூட யாரும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.

"என்ர பேர் இந்தப் பதிவேட்டிலதான் கிடக்கு. இஞ்சயிருந்து போனால் அதிலயும் இராது. ஒரே ஒரு தரம், ஒரு மேசையில வெள்ளைத்துணி விரிச்சு, கட்டாரிக்குப் பக்கத்தில ஒரு அட்டையில என்ர பேர் கிடந்தாப் போதும் பிள்ளை."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு உடனே துருசுக் கணக்கைத் திறந்துகொண்டார். அவர் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. அதனால்தான் வவுனியாவில் கைப்பணிக் கண்காட்சி என்று சுற்றறிக்கை வந்தவுடன் விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்து நிரப்பினேன். படிவத்தில் பனையோலை இருந்தது, தும்பு இருந்தது, மட்பாண்டம், தையல், வீட்டுப் பாவனைப் பொருட்கள் எல்லாம் இருந்தன. கட்டாரி இல்லை. அன்றைக்குத்தான் கடைசி நாள். கத்தி என்பது வீட்டில் பாவிக்கிற சாமான்தானே என்று 'வீட்டுப் பாவனைப் பொருட்கள்' என்பதில் ஒரு சரி அடையாளம் போட்டு அனுப்பிவிட்டேன். எந்தப் பிரிவில் போட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கோடுதான் காரணம்.

கண்காட்சிக்கு ஐந்தாம் துருசேந்திரனின் கட்டாரிதான் போனது, இருந்ததில் அதுவே திறம். அவர் அதை வெள்ளைத்துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். நான் முதலில் ஏறிவிட்டேன். அவர் படியில் கால் வைக்கும்போது பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

"தாங்கோ அண்ணை, தாங்கோ!" என்று அவர் கையிலிருந்து பொதியைப் பறித்தேன். அவர் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். ஏறியும் முகம் தெளியவில்லை.

"கையில வாங்கிப்போட்டீரே பிள்ளை!"

"இல்லாட்டி நீங்கள் விழுந்திருப்பீங்கள்."

"விழுந்தாலும் காயம் மாறும்," என்று முணுமுணுத்தார்.

வழியில் ஒரு சோதனை. ஏறிய பொலிஸ்காரர் துணியை அவிழ்க்கச் சொன்னார். கட்டாரியைக் கண்டதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. நான் கண்காட்சிக் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தை வாசித்தார், அலகைத் திருப்பி டிராகனைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ஆ, தலகொயா!" என்றார்.

சிங்களத்தில் தலகொயா என்றால் உடும்பு. பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு இறங்கிப்போனார். இரண்டு மொழியிலும் உடும்பு என்றே தீர்ப்பாகிவிட்டதில் கட்டாரியார் வவுனியா வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் எங்கள் இடத்தைக் கண்டபோதே நான் போட்ட சரி அடையாளம் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் தேங்காய் திருவலை, மறுபக்கம் பாக்குவெட்டி, நடுவில் ஐந்தாம் துருசேந்திரன். ஆனால் வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். அட்டை இருந்தது. அட்டையில் அவருடைய பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. கட்டாரியார் அந்த அட்டையை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

நடுவராக வந்தவர் ஓய்வு பெற்ற மனையியல் ரீச்சர். கையில் ஒரு சிறிய பலகை, ஒரு பை வெங்காயம், ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்துப் பாக்குவெட்டியால் ஒரு பாக்கை வெட்டிப் பார்த்துப் புள்ளி போட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்தா. கட்டாரியை எடுத்து வெங்காயத்தின் மேல் வைத்து அழுத்தினா. வெங்காயம் வழுக்கி, பறந்துபோய்த் திருவலைக்காரரின் மடியில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து இறுக்கிப் பிடித்து அறுத்தா. வெங்காயத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாழைப்பழத்தை வெட்டினா. அது வெட்டுப்படாமல் நசிந்தது.

"இதுக்குக் கூரே இல்லையே," என்றா ரீச்சர்.

"ஓம் அம்மா, இல்லை," என்றார் கட்டாரியார் பணிவாக. "இது ஐந்தாம் துருசேந்திரன்ர கட்டாரி. அவர் வெங்காயம் வெட்டினதா வரலாறு இல்லை."

"வீட்டுப் பாவனைப் பொருளெண்டெல்லோ படிவத்தில கிடக்கு?"

கட்டாரியார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அல்லது ரீச்சரிடம் பிழை என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். திருவலைக்காரர் சிரித்தார், பாக்குவெட்டிக்காரர் சிரித்தார், மண்டபமே சிரித்தது. ரீச்சர் அட்டையில் அவருடைய பெயருக்குக் கீழே சிவப்பு மையால் 'மொட்டை' என்று எழுதிவிட்டுப் போனா.

அவர் கட்டாரியைத் துணியில் சுற்றினார். அட்டையை எடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் வேறு ஆசனத்தில் இருந்தார்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. ஏதாவது தேவை என்றால் இரண்டு மேசைக்கும் நடுவில் பியோனை நிறுத்தி, "பக்கத்து மேசைக்குச் சொல்லு, வாய்க்கால் கோப்பு வேணுமாம்," என்பார். நானும் பியோனிடம், "பக்கத்து மேசைக்குச் சொல்லு, அது அவற்ற லாச்சிக்குள்ளதான் கிடக்கு," என்பேன். பியோனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை. மதிய இடைவேளையில் உப்புத்தண்ணீர் நுரைக்கும் சத்தம் நின்றுபோனது. அவர் துருசுக் கணக்கை மட்டும் எழுதினார். கட்டாரியார் இல்லாமல் வெறும் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சோறு இறங்காது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலுமாரியைத் திறந்தா. சீலைகளுக்கு நடுவில் இருபத்துமூன்று கட்டாரி.

"ஏன் அக்கா, ஒண்டுக்கும் கூர் வைக்கேல்லை?"

"வைக்கமாட்டார். நான் மீன் வெட்டவாவது ஒண்டைத் தீட்டித் தாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன். வெட்டுற சாமான் இந்த மண் போதுமெண்ட அளவு பாத்திட்டுது, என்ர கையால இன்னுமொண்டு வேண்டாம் எண்டுவார்." அவா சீலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னா. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதைப் பார்த்துத்தானா நான் மண்டபம் நிறையச் சிரித்தேன் என்று என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அக்கா இருபத்துமூன்றையும் ஒரு வெறும் அரிசிப் பையில் போட்டுத் தந்தா. "கொண்டுபோ பிள்ளை. என்னவெண்டாலும் செய். அலுமாரி வெறுமையாக் கிடக்கட்டும் ஒரு கிழமைக்கு."

அந்த வாரம் கந்தோரில் காலபோகக் கூட்டம். விதைப்புக்கு எந்த நாளில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது என்று கமக்காரர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம். முடிவெடுப்பது என்பது பேருக்கு, நடப்பது சண்டை. துருசுக்குக் கிட்ட வயல் உள்ள மேல்வாய்க்கால்காரரும் தூரத்தில் இருக்கும் கடைவாய்க்கால்காரரும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த கதிரையைத் தூக்கி அடித்துத்தான் முடிப்பார்கள். அந்த மண்டபத்து வாசலில் நான் இரண்டு மேசையைச் சேர்த்து வெள்ளைத்துணி விரித்து, இருபத்துமூன்று கட்டாரியையும் அடுக்கி, நடுவில் அவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஓர் அட்டை வைத்தேன்.

பொறுப்பதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "என்ன பிள்ளை இது? சண்டை பிடிக்க வாற சனத்துக்கு முன்னால கத்தியை அடுக்கி வைச்சிருக்கிறீர்?"

"ஒண்டும் வெட்டாது சேர். வெங்காயத்தில சோதிச்சுப் பாத்தது."

கமக்காரர்கள் வந்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. "உடும்பு," என்றது ஒரு பக்கம். "முதலையடா," என்றது மறுபக்கம். ஒரு பெரியவர் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "உந்த ஆள் ஆர்? எந்த ஊர்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அட்டையை வாங்கி அந்தப் பெயருக்குக் கீழே 'கட்டாரியார்' என்று எழுதினேன். "அட, எங்கட கட்டாரியாரோ! அவருக்குப் பேரும் கிடக்கோ!" என்று முழுக் கூட்டமும் ஆச்சரியப்பட்டது.

கட்டாரியார் தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார். ஆனால் அந்தப் பெரியவர், "துருசேந்திரன் எந்தக் குளத்தைக் கட்டின ராசா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கலைஞனாலும் தூணுக்குப் பின்னால் நிற்க முடியாது. வந்தார். அரைமணி நேரம் பேசினார். ஐந்தாம் துருசேந்திரன் நாடு பெற்ற வரலாறும் குளம் கட்டிய வரலாறும் அப்போதுதான், அந்த இடத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தன என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"அவற்ற காலத்தில கடைவாய்க்காலுக்குத்தான் முதல் தண்ணி," என்றார் கட்டாரியார். "தூரத்தில கிடக்கிறவனுக்கு முதல் குடுத்தா, கிட்ட இருக்கிறவனுக்கு எப்பிடியும் கிடைக்கும் எண்டது அவற்ற கட்டளை."

மேல்வாய்க்கால்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ராசாக்கள் காலத்திலயே அப்பிடியெண்டா, நாங்கள் என்னத்தைச் சொல்லுறது," என்றார் அவர்களில் ஒருவர். அந்தப் போகம் கடைவாய்க்காலுக்கே முதல் தண்ணீர் போனது, ஒரு கதிரையும் உடையவில்லை. கூட்டக் குறிப்பில் பொறுப்பதிகாரி 'கலந்துரையாடலின் பின் ஏகமனதாக' என்று எழுதினார். இல்லாத ஓர் அரசரின் கட்டளைப்படி என்று அரசாங்கக் கோப்பில் எழுத முடியுமா?

எல்லோரும் போனபின் கட்டாரியார் அந்த அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் அரத்தோடு சேர்த்து வைத்தார். பிறகு பியோன் பக்கத்தில் இல்லாதபடியால் நேராக என்னிடமே பேசினார்.

"உம்மில பிழையில்லைப் பிள்ளை. அண்டைக்குக் கையில வாங்கினீரே, அதுதான் செய்தது."

படிவத்தில் கோடு போட்டது நான், சிரித்தது நான். அவர் பழியைத் தூக்கிக் கைமாறின கத்தியின் மேல் போட்டுவிட்டார். "ஓம் அண்ணை, அதுதான்," என்றேன். அடுத்த நாள் மதியம் உப்புத்தண்ணீர் நுரைத்தது.

ஆறு மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு என் இடமாற்றம் வந்தது. முதல் நாளே எழுத நினைத்த விண்ணப்பத்தை எப்போதோ எழுதிப் போட்டு மறந்தும் போயிருந்தேன். கடைசி நாள் தேநீர் விருந்து முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கட்டாரியார் வெள்ளைத்துணிப் பொதி ஒன்றோடு வந்தார். வைப்பதற்கு இடம் இருக்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்த மரவாங்கிலில் நகர்ந்து இருந்தேன். அவர் வைக்கவில்லை. நீட்டினார்.

"கையிலயோ அண்ணை? பகை வரும்."

"வரட்டும். கோவம் வந்தாத்தானே போன் எடுத்துப் பேசுவீர். நல்லாயிருந்தா ஆர் எடுக்கப் போறியள்? பிடியும்."

இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஆனையிறவு தாண்டும் மட்டும் துணியை அவிழ்க்கவில்லை. பளை கிட்ட வந்தபோது அவிழ்த்தேன். அவர் வாழ்நாளில் கீறிய உடும்புகளிலேயே அழகான உடும்பு, வாயில் ஒரு பேனை. அதன் கீழே எனக்கென்று ஒரு பட்டம் பொறித்திருந்தார். எனக்குத் தெரியாமல் செய்ததால் என் சிவப்புப் பேனைக்கு அது வரவில்லை. 'வன்னி நாட்டு அரசி' என்று நினைத்துக்கொண்டு மனிதர் பொறித்திருந்தது: 'வன்னி நாட்டு அரிசி'.

உடனே போன் எடுத்தேன். "அண்ணை! அரசி எண்டெல்லோ வரவேணும்! ஆர் உங்களை நடுவில 'ரி' போடச் சொன்னது? இவ்வளவு காலம் திருத்தித் திருத்தி என்னத்தைக் கண்டன்?"

"எங்க நிக்கிறீர் பிள்ளை?"

"பளை."

"பாத்தீரே, கையில குடுத்தது வேலை செய்யுது. பளை தாண்டேல்லை, சண்டை துவங்கியிட்டீர்."

"கதையை மாத்தாதேங்கோ. அரிசி எண்டு கிடக்கு!"

"துடைச்சாப் பிறகுதான் நானும் கண்டனான்," என்றார். "வேற ஒண்டு செய்வமோ எண்டு யோசிச்சன். பிறகு விட்டிட்டன். அரசி இல்லாமல் இந்தச் சனம் எத்தினை காலம் இருந்திட்டுது பிள்ளை. அரிசி இல்லாமல் இருக்கேலுமே?"

போனைக் காதில் வைத்தபடியே அந்த நடு 'ரி'யை விரலால் தடவினேன். பக்கத்தில் இருந்த அம்மா கட்டாரியையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆசனம் மாறி இருந்தா.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துச் சண்டை பிடிக்கிறோம். கட்டாரி என் கந்தோர் மேசையில் இருக்கிறது, கடிதவுறை கூடக் கிழிக்காது. பார்க்கிறவர்கள் எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டுவார்கள். நான் மேசையில் வைத்து, எடுங்கோ என்பேன். மிகவும் பிடித்தவர்களுக்கு மட்டும் கையில் கொடுக்கிறேன்.